தேய்வது மூட்டா, துணிவா?

கல்லூரியில் பொருளியல் கற்பித்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் ‘தேய்மானம்’ என்ற சொல்லை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓர் இயந்திரத்தை வாங்கிய நாள் முதல், பயன்பாட்டினாலும் காலத்தினாலும் அதன் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே செல்லும். அந்தக் குறைவைக் கழித்த பின்னரே இலாபத்தைக் கணக்கிட வேண்டும் என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த பாடம். அந்தச் சொல்லை என் உடலைக் குறித்து முதன்முதலாகக் கேட்டது, பணி நிறைவு பெற்ற மறு ஆண்டில். முழங்கால் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த மருத்துவர், "மூட்டு தேய்ந்துவிட்டது. இனி மாடி ஏறாதீர்கள், தரையில் அமராதீர்கள், அதிகம் நடக்காதீர்கள்" என்றார். சில நிமிடங்களில் ஆலோசனை முடிந்துவிட்டது.

அந்தச் சொல் எனக்குள் ஒரு கணக்கைத் தொடங்கிவைத்தது. பயன்படுத்தினால் தேயும், ஆகவே, பயன்படுத்தாமல் இருந்தால் மிச்சமாகும். காலடிகளைச் சிக்கனமாகச் செலவிடலானேன். முதலில் மாலை நடை நின்றது. பிறகு, நூலகத்தின் மாடியிலுள்ள குறிப்புதவிப் பகுதிக்குச் செல்வது நின்றது. திருமண அழைப்பு வந்தால், உணவுக்கூடம் கீழ்த்தளத்திலா மாடியிலா என்று விசாரித்த பின்னரே பயணத்தை முடிவு செய்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது கால் வலி குறைந்திருக்கவில்லை. என் உலகம்தான் குறுகியிருந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றாமல் எழ முடியாத நிலைக்கு வந்திருந்தேன்.

இது என் ஒருவனின் கதையன்று. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2019-இல் உலகில் ஏறத்தாழ 52.8 கோடி பேர் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் மூட்டு நோயுடன் வாழ்ந்தனர். 1990-உடன் ஒப்பிட்டால் இது இருமடங்குக்கும் அதிகம். அவர்களில் 60 சதவீதத்தினர் பெண்கள். மிக அதிகமாகப் பாதிக்கப்படுவது முழங்கால் மூட்டு, 36.5 கோடி பேருக்கு முழங்காலில்தான் இந்நோய். இந்தியாவில் 40 வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வொன்று, 28.7 சதவீதத்தினருக்கு முழங்கால் மூட்டு நோய் இருப்பதாகக் கூறியது. நாம் அறிந்த குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், இந்த எண் மிகையாகத் தோன்றாது.

இவ்வளவு பேரை நடக்கவிடாமல் தடுப்பது எது? மூட்டிலுள்ள பழுதுதான் என்பதே நம் அனைவரின் உடனடி விடை. பழுது அதிகமானால் வலி அதிகமாகும். வலி அதிகமானால் நடை குறையும். நேர்கோடு போன்ற இந்தக் கணக்கு, ஆய்வுகளில் நேராக அமையவில்லை. இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின் முடிவு வியப்புக்குரியது. எக்ஸ்ரே படத்தில் முழங்கால் மூட்டு நோய் தெரிந்தவர்களில் வலி இருப்பதாகச் சொன்னோரின் பங்கு, ஆய்வுக்கு ஆய்வு 15 சதவீதம் முதல் 81 சதவீதம் வரை வேறுபட்டது. முழங்கால் வலி உள்ளவர்களில் படத்தில் நோய் தெரிந்தோரின் பங்கும் 15 முதல் 76 சதவீதம் வரை வேறுபட்டது. அதாவது, படத்தை மட்டும் வைத்து ஒருவரின் வலியையும் நடையையும் கணிக்க இயலாது. வழக்கமான அறிகுறிகள் உள்ளவர்களுக்கு இந்நோயைக் கண்டறிய எக்ஸ்ரே தேவையில்லை என்றே பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

படத்துக்கும் நடைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில் மனம் குடியிருக்கிறது. நாள்பட்ட வலி உடையவர்களைப் பற்றி விளாயன், லிண்டன் என்னும் இரு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் விளக்கிய ‘அச்சமும் தவிர்ப்பும்’ என்ற கோட்பாடு இங்கு நினைவுகூரத்தக்கது. முதுகுவலி நோயாளிகளை முதன்மையாகக் கொண்டு உருவான இக்கோட்பாடு மூட்டு நோய்க்கும் பொருந்துகிறது. வலி வந்தவுடன் ஒருவர் அதை ஆபத்தின் அறிகுறியாகக் கருதினால், அசைவைத் தவிர்க்கிறார். தவிர்ப்பதால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின் மீது சுமை கூடுகிறது, வலி மிகுகிறது. மிகுந்த வலி, முதலில் கொண்ட அச்சம் சரியானதே என்று மெய்ப்பிப்பதுபோல் தோன்றுகிறது. அசைவைக் கண்டு அஞ்சும் இந்நிலைக்குக் ‘கைனீசியோஃபோபியா’ என்று பெயர்.

ராக்னர் நர்க்சே என்ற பொருளியலாளர் 1953-இல் விளக்கிய ‘வறுமையின் நச்சு வட்டம்’ என்ற கருத்தை ஆண்டுதோறும் கற்பித்தவன் நான். வருமானம் குறைவு என்பதால் சேமிப்பு குறைவு, சேமிப்பு குறைவு என்பதால் முதலீடு குறைவு, முதலீடு குறைவு என்பதால் வருமானம் குறைவு. அதே வட்டம் என் முழங்காலைச் சுற்றி வரையப்பட்டிருப்பதை நான் அப்போது காணவில்லை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக உளவியலாளர்கள் முழங்கால் மூட்டு நோயாளிகள் 106 பேரிடம் ஆய்வு நடத்தி 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். வலியைப் பேரிடராகப் பெருக்கிக் காணும் மனப்போக்கு உடையவர்கள், மற்றவர்களைவிட மெதுவாக நடந்தனர். அன்றாட வேலைகளில் கூடுதல் இயலாமையை உணர்ந்தனர். வலிக்கு அஞ்சியவர்களுக்கு வேகமாக நடப்பது கடினமாக இருந்தது. மனநிலை, நடையின் வேகத்திலேயே பதிவாகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

‘தேய்மானம்’ என்ற சொல் இந்த அச்சத்துக்கு உரமிடுகிறது. இயந்திரத்தின் பல்சக்கரம் சுழலச் சுழலத் தேயும், தேய்ந்தது வளராது. மூட்டு அப்படிப்பட்டதன்று. எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டைச் சூழ்ந்த திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. மூட்டு அழுந்தித் தளரும் அசைவே அத்திரவத்தைக் குருத்தெலும்புக்குள் செலுத்துகிறது. மூட்டைத் தாங்குவது தொடைத் தசை; அந்தத் தசை உழைப்பால் வலுப்பெறுகிறது, ஓய்வால் மெலிகிறது. ஆகவே, அளவறிந்த நடையும் பயிற்சியும் மூட்டுக்குச் செலவல்ல. அவை அதன் வருவாய். இந்த எளிய உண்மையை அந்த எக்ஸ்ரே படத்துடன் சேர்த்து யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

அச்சத்துக்கு அடுத்தபடியாக வருவது மனச்சோர்வு. வெளியே செல்லாதவருக்கு நண்பர்கள் குறைகின்றனர். நண்பர்கள் குறைந்தவருக்கு வெளியே செல்லக் காரணம் குறைகிறது. அமெரிக்காவில் மூட்டு நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த முதியோர் 1,001 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2003-இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு மனச்சோர்வுக்கான சிகிச்சை மட்டும் முறையாக அளிக்கப்பட்டது. மூட்டுக்கென்று புதிதாக எதுவும் செய்யப்படவில்லை. ஓராண்டுக்குப் பின் அவர்களின் மனச்சோர்வுடன் மூட்டு வலியும் குறைந்திருந்தது. அன்றாட வேலைகளுக்கு மூட்டு நோய் இடையூறாக இருப்பதும் குறைந்திருந்தது.

மூன்றாவது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் உருவாக்கிய மூட்டு நோய்த் தன்மேலாண்மைப் பயிற்சியை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பெரும்பாலும் மூட்டு நோயுடன் வாழும் சாதாரண மக்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆறு வாரங்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் பங்கேற்றோரின் வலி சராசரியாக 20 சதவீதமும், மருத்துவரைச் சந்திக்கும் எண்ணிக்கை 40 சதவீதமும் குறைந்திருந்ததாக 1993-இல் வெளியான கட்டுரை கூறியது. இத்தனைக்கும் அந்த நான்கு ஆண்டுகளில் அவர்களின் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது. நோய் வளர்ந்த பின்னும் வலி குறைந்ததென்றால், அதில் நோயைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கைக்கும் பங்குண்டு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ‘மனக் காரணிகள்’ என்றவுடன், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று முடிவு கட்டிவிடும் ஆபத்து நம் வீடுகளில் அதிகம். குறிப்பாக, வலியைச் சொல்பவர் பெண்ணாக இருந்தால். வலி மெய்யானது, மூட்டின் பழுதும் மெய்யானது. கடுமையான நோய் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை பெரும் நன்மை தருகிறது. டென்மார்க்கில் 100 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் பயிற்சியும் பெற்றவர்களில் 85 சதவீதத்தினருக்கு ஓராண்டில் குறிப்பிடத்தக்க அளவு வலி குறைந்தது; பயிற்சி உள்ளிட்ட பிற சிகிச்சைகளை மட்டும் பெற்ற பிரிவில் அது 67 சதவீதம். அறுவை சிகிச்சைப் பிரிவில் கடுமையான பக்க விளைவுகள் அதிகம் என்பதும் உண்மை. அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதன்று என் வாதம். மூட்டை மட்டும் பார்க்கும் சிகிச்சை பாதி சிகிச்சைதான் என்பதே என் வாதம்.

என் மூத்த சகோதரியின் அனுபவம் இதற்குச் சான்று. அவருக்கு இரு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. குறை சொல்ல ஏதுமில்லை. தழும்பு ஆறியது, படத்தில் உலோக மூட்டு கச்சிதமாக அமர்ந்திருந்தது. ஆயினும் ஓராண்டுக்குப் பின்னும் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. "புது மூட்டு கழன்றுவிட்டால் என்ன செய்வது?" என்பார். அறுவை சிகிச்சைக்கு முன்பு மூட்டு தேயும் என்ற அச்சம். பின்பு மூட்டு கழலும் என்ற அச்சம். மருத்துவர்கள் மூட்டைத்தான் மாற்றினார்கள். அச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதன் பயனில் நிறைவடைவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. முன்னரே மனச்சோர்வும் மிகையான அச்சமும் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல் என்பதும் அறியப்பட்டதே.

இதில் குடும்பத்தின் பங்கும் சிறிதன்று. அக்கா எழ முயன்றால் மகன், "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்பான். மருமகள் குடிநீரைக் கைக்கே கொண்டுவந்து தருவாள். அன்பில் குறையில்லை. ஆனால், ஒவ்வொரு முறையும் அந்த அன்பு, ‘உங்களால் முடியாது’ என்ற செய்தியையும் சேர்த்தே கொண்டுவருகிறது. முதியவரை உட்கார வைப்பதே மரியாதை என்று கருதும் பண்பாடு நம்முடையது. அவர் தாமே எழுந்து நடக்கும் வரை பொறுமையுடன் உடன் நிற்பதும் மரியாதைதான் என்பதை நாம் இன்னும் கற்கவில்லை.

அச்சங்கள் அனைத்தும் மனத்திலேயே பிறந்தவை என்றும் சொல்லிவிட முடியாது. தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. பாராட்டத்தக்க திட்டம். ஆனால், மூட்டு வலியுள்ள ஒரு மூதாட்டிக்குத் தடையாக இருப்பது பயணச்சீட்டின் விலையன்று; பேருந்தின் முதல் படியின் உயரம். அவர் ஏறி முடிக்கும் முன்பே வண்டி நகரும் என்ற அச்சத்துக்கு அனுபவமே ஆதாரம். சென்னையில் 2024-இல் மீண்டும் அறிமுகமான தாழ்தளப் பேருந்துகள் சிற்றூர்களின் சாலைகளை எப்போது அடையுமோ தெரியாது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நீள நடைபாதைகளை அரசு தொடங்கியது, நல்ல முயற்சி. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை இடறாமல் செல்ல வழியிருந்தால்தான் அந்த எட்டு கிலோ மீட்டர் முதியோருக்குப் பயன்படும்.

நாற்று நடும் பெண்ணுக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கும் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. என்னைப்போல் ஓய்வூதியம் பெறுபவன் அச்சத்தால் அசையாமல் இருக்கலாம், அவர்களால் முடியாது. வலியைச் சொன்னால் நாளை வேலைக்கு அழைக்கமாட்டார்கள் என்பது அவர்களின் அச்சம். ஆகவே, வலி மாத்திரையை விழுங்கிவிட்டுக் குனிகிறார்கள். ‘ஓய்வெடுங்கள்’ என்ற அறிவுரை, ஒருவரை முடக்குகிறது. இன்னொருவரைக் குற்ற உணர்வுக்குள்ளாக்குகிறது. இருவருக்கும் அது உதவவில்லை.

இனி, பணம் எங்கே செல்கிறது என்று பார்ப்போம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்கப்பட்ட கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை 54,720 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த அனைவரும், வருமான வரம்பின்றி, ‘ஆயுஷ்மான் பாரத்’ காப்பீட்டுக்குள் கொண்டுவரப்பட்டனர். இரண்டும் ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு உதவும் முடிவுகள். எனினும், இக்காப்பீடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. அதற்கு முந்தைய 3 நாள்கள், பிந்தைய 15 நாள்களின் செலவும் அதில் அடங்கும். மூட்டு மாற்றிய ஒருவர் மீண்டும் நடக்கப் பழகுவதற்கோ மாதங்கள் ஆகும். பதினாறாம் நாளிலிருந்து அவர் தனியே நிற்கிறார்.

சந்தையின் இயல்பும் இதே திசையில்தான் தள்ளுகிறது. செயற்கை மூட்டுக்கு விலை உண்டு, விற்பவர் உண்டு, ரசீது உண்டு. ஒரு மருத்துவர் பதினைந்து நிமிடம் அமர்ந்து, "நடந்தால் மூட்டு கெட்டுவிடாது" என்று விளக்குவதற்கு ரசீது இல்லை. ரசீது எழுத முடியாததைச் சந்தை போதிய அளவில் வழங்காது. அவ்வாறு சந்தை தவறும் இடத்தில்தான் அரசுக்கு வேலை இருக்கிறது.

அரசால் இயலாததன்று இது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அளிக்கிறார்கள். 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘கிளாட்’ என்ற திட்டம், நோயைப் பற்றிய இரண்டு மூன்று விளக்க வகுப்புகளையும், இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் ஆறு வாரங்களில் பன்னிரண்டு குழுப் பயிற்சிகளையும் கொண்டது. விலையுயர்ந்த கருவிகள் எவையும் அதற்குத் தேவையில்லை. இவ்விரண்டையும் இணைப்பதற்குத் தடையாக இருப்பது நிதியைவிட, அதை ஒரு சிகிச்சையாகக் கருதாத நம் மனநிலையே.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, வீடு தேடி வரும் பணியாளர், சர்க்கரை அளவுடன் சேர்த்து, "வலியால் எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள்? மனம் சோர்ந்திருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் இருமுறை மூட்டு நோயாளிகளுக்கான குழுப் பயிற்சி நடக்க வேண்டும். நோயை வென்று நடப்பவர்களே அதில் வழிகாட்டிகளாகலாம். மூன்றாவது, மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகுப்பில், அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது மூன்று மாதங்களுக்கான பயிற்சியும் மனநல ஆலோசனையும் சேர்க்கப்பட வேண்டும். நான்காவது, பேருந்துப் படிகளும் நடைபாதைகளும் சுகாதாரத் துறையின் கவலைகளாகவும் மாற வேண்டும்.

என்னை மீட்டது, ஓர் இளம் இயன்முறை மருத்துவர் கேட்ட கேள்வி. "சார், வலி எவ்வளவுன்னு அப்புறம் சொல்லுங்க. வலிக்குப் பயந்து எதை விட்டீங்க?" என்றார். நூலகம் என்றேன். மாடிக்கு எத்தனை படிகள் என்றார். இருபத்திரண்டு என்றேன். நாற்காலியிலிருந்து கைப்பிடியைப் பற்றாமல் எழுவதில் தொடங்கி, வாரம் இரண்டு படிகள் என்று கணக்கு வைத்தோம். முதல் வாரங்களில் வலி கூடியது. அது கேட்டின் அறிகுறியன்று என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் நிறுத்தவில்லை. நான்காவது மாதம் குறிப்புதவிப் பகுதியில் அமர்ந்து நாளிதழ் படித்தேன். முழங்கால் இன்றும் வலிக்கிறது. புதிதாக எக்ஸ்ரே எடுத்தால் படம் முன்னைவிட மோசமாகவும் இருக்கலாம்.

இப்போது மாலைகளில் அக்காவுடன் நடக்கிறேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை வந்துவிட்டார். அதற்கு அப்பாலுள்ள காய்கறிக் கடைதான் அவருடைய அடுத்த இலக்கு. கணக்கியலில் தேய்மானம் என்ற சொல் இருக்கட்டும். அங்கே அது தேவை. மருத்துவமனை அறைகளில் அந்தச் சொல்லை உச்சரிக்கும் முன்பு, கேட்பவர் எழுந்து நடப்பாரா, அமர்ந்துவிடுவாரா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் நல்லது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (பணி நிறைவு).